வால்வு ஆம்ப்ளிபயர்: கிட்டார் வாசிப்பவரின் முதல் கைவேலை



பெர்மாஸ் ஜெயாவிலோ அதைப் போன்ற வேறொரு தாமானிலோ தொடர்வீடு ஒன்றில் ஓர் இளைஞர் மின்கிட்டார் வாசிக்கப் பழகுகிறார் என்று வைத்துக் கொள்வோம். கிட்டார் கையில் இருக்கிறது. அதன் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிபயரைக் கடையில் வாங்காமல், தாமே வால்வுகளைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மின்னியலில் பள்ளிப் பாடத்திற்கு மேல் அவருக்குத் தெரியாது. இது நடக்கக் கூடிய காரியமா?

நடக்கக் கூடியதுதான். மூன்றே வால்வுகளும் இரண்டு மின்மாற்றிகளும் இருபதுக்குச் சற்று மேற்பட்ட சிறு உறுப்புகளும் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் 350 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். சுவரிலுள்ள 240 வோல்டைவிட அது கொடியது. ஆகவே எப்படிச் செய்வது என்பதோடு, உயிரோடு எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்தே இன்று பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆசை நம் பகுதிக்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிட்டார் குழுக்கள் பெருகின. 'பாப் யே யே' என்று பெயர் பெற்ற இசை அதிலிருந்து கிளைத்தது. ஷேடோஸ் குழுவின் ஒலிக்குப் பின்னால் இருந்தது வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி 30 என்னும் வால்வு ஆம்ப்ளிபயர். அதை எல்லோராலும் வாங்க முடியுமா? உலகின் பல ஊர்களிலும் வசதியில்லாத இளைஞர்கள் வேறொரு வழி கண்டார்கள். வீட்டு வானொலிப் பெட்டியின் முதுகில், இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் கிட்டாரின் கம்பியைச் செருகிவிட்டார்கள். வானொலி பாடிய அதே வால்வு கிட்டாரையும் பாட வைத்தது.

அந்த வழியை இன்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன். பழைய வானொலிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மின்மாற்றி வைத்தது. அதன் உலோகத் தட்டுக்கும் சுவர் மின்சாரத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மற்றொன்று, செலவைக் குறைப்பதற்காக மின்மாற்றி இல்லாமலே செய்தது. வால்வுகளின் சூடேற்றும் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே சுவர் மின்சாரத்தில் மாட்டியிருப்பார்கள். யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு' எழுத்தில் தொடங்கும் வால்வுகளைக் கண்டால் அது இரண்டாவது வகை. அதன் உலோகத் தட்டு சுவர் மின்சாரத்தின் ஒரு கம்பியோடு இணைந்தது. செருகியைத் திருப்பி மாட்டினால் தட்டு முழுவதும் உயிர் மின்சாரம். கிட்டாரின் தந்திகளோ கம்பியின் வெளியுறை வழியாக அந்தத் தட்டோடு சேர்ந்தவை. வாசிப்பவர் ஒரு கையால் தந்தியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நிலத்தொடர்புள்ள ஒலிவாங்கியைத் தொட்டால் மின்சாரம் மார்பின் குறுக்கே பாயும். 1972 மே 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். சரியான நிலத்தொடர்பு இல்லாத ஒலிவாங்கியை அவர் தொட்டதுதான் காரணம். இத்தனைக்கும் அவர் அனுபவம் மிக்க கலைஞர்.

ஆகவே மின்மாற்றி இல்லாத பழைய பெட்டியை ஆம்ப்ளிபயராக மாற்ற முயல வேண்டாம். புதிதாகவே செய்வோம்.

செய்வதற்கு முன் வால்வு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் அது. நடுவில் சூடேற்றப்படும் கதோட். அதிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவி போல் கிளம்புகின்றன. வெளிப்புறத்தில் பிளேட் என்னும் தகடு. அதற்கு உயர்ந்த நேர்மின்னழுத்தம் கொடுத்திருப்பதால் எலெக்ட்ரான்களை இழுத்துக் கொள்கிறது. 1904இல் லண்டனில் ஃபிளெமிங் செய்த வால்வு இவ்வளவுதான். ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவதால்தான் அதற்கு வால்வு என்ற பெயரே வந்தது. 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் இந்த இரண்டிற்கும் நடுவே கிரிட் என்னும் கம்பி வலையைச் சேர்த்தார். அங்கேதான் மாயம் நிகழ்ந்தது. வலைக்குச் சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் தயங்கி நிற்கும். குறைத்தால் பாய்ந்து செல்லும். வயல் மடையில் பலகையைச் சற்றுத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் வாய்க்கால் நீர் முழுவதும் கட்டுப்படுவது போன்ற வேலை. பலகையை அசைக்கக் கொஞ்சம் பலம் போதும். அசைவதோ பெரும் நீரோட்டம்.

கிட்டாரின் தந்திக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருளில் உண்டாவது ஏறத்தாழ ஒரு வோல்டில் பத்தில் ஒரு பங்கு. 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வின் ஒரு பாதி இதை ஐம்பது மடங்குக்குக் குறையாமல் பெருக்கும். ஒரே குழாய்க்குள் அப்படி இரண்டு பாதிகள் உண்டு. ஐரோப்பியர் இதே வால்வை இசிசி83 என்பார்கள். இரண்டு பாதிகளையும் கடந்து வரும் அலை, 6வி6 என்னும் ஆற்றல் வால்வை ஆட்டி வைக்கப் போதுமானது. மூன்றாவது வால்வாகிய 5ஒய்3, ஃபிளெமிங் செய்த அதே வேலையைச் செய்கிறது. மாறுமின்சாரத்தை ஒரு திசையில் ஓட விடுகிறது.

டிரான்சிஸ்டரும் இதையெல்லாம் செய்யுமே, அதுவும் மலிவாக, சூடில்லாமல் செய்யுமே என்று கேட்கலாம். உண்மைதான். வெறும் பெருக்கம் மட்டும் வேண்டுமென்றால் வால்வைத் தேடிப் போகத் தேவையில்லை. வேறுபாடு தெரிவது ஆம்ப்ளிபயரை அதன் வரம்பு வரை முடுக்கும்போது. அப்போது அலையின் உச்சி மழுங்குகிறது. மழுங்கிய அலையில், வாசித்த சுரத்தோடு சேர்ந்து அதன் மேற்சுரங்களும் பிறக்கின்றன. நம் சங்கீதக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். வாசித்தது ஷட்ஜம் என்றால், இரண்டு மடங்கு அதிர்வு மேல்ஸ்தாயி ஷட்ஜம்; மூன்று மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம்; ஐந்து மடங்கு அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவின் மந்தரத் தந்தியில் காந்தாரம் தானாக ஒலிக்கிறதல்லவா, அதே காந்தாரம்தான். ஏழாம் மடங்கோ கைசிகி நிஷாதத்திற்குச் சற்றுக் கீழே விழுந்து எதனோடும் ஒட்டாமல் நிற்கும். சிறிய வால்வு ஆம்ப்ளிபயர் மெல்ல மெல்ல மழுங்குவதால் முதலில் தூக்கலாவது ஷட்ஜமும் பஞ்சமமும். அலையின் உச்சியைக் கத்தியால் வெட்டியது போல் வெட்டும் சுற்றுகளில் மேலே உள்ள ஒட்டாத சுரங்களும் கூட்டமாக வந்து சேரும். 'வால்வு ஒலி இதமானது' என்று சொல்வதற்குப் பின்னால் உள்ள கணக்கு பெரும்பாலும் இதுதான்.

எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது? தொடக்கக்காரர் சுயமாக வரைய வேண்டாம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938இல் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்த லியோ ஃபெண்டர், பின்னர் கிட்டாரும் ஆம்ப்ளிபயரும் செய்து உலகப் புகழ் பெற்றார். அவருடைய நிறுவனம் 1950களில் பழகுநர்களுக்காகச் செய்த சேம்ப் என்னும் சிறிய ஆம்ப்ளிபயரின் சுற்று, நான் மேலே சொன்ன மூன்று வால்வுகளைக் கொண்டதுதான். ஐந்து வாட் ஆற்றல், எட்டு அங்குல ஒலிபெருக்கி. பிறர் சுற்றைப் பார்த்துச் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் 1962, 63ஆம் ஆண்டுகளில் கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் செய்த முதல் மார்ஷல் ஆம்ப்ளிபயர், ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற சுற்றைப் பார்த்துச் செய்ததே.

ஐந்து வாட் போதுமா என்ற ஐயம் எழும். ஒரு வாட்டுக்கு 93 டெசிபல் கொடுக்கும் சாதாரண ஒலிபெருக்கி, ஐந்து வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 100 டெசிபல் கொடுக்கும். தொடர்வீட்டில் சுவர் பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது போதும், வேண்டியதற்கு மேலும் போதும்.

அமெரிக்கச் சுற்றைப் பார்த்துச் செய்யும்போது நம் நாட்டில் ஓர் இடறல் உண்டு. அங்கே சுவர் மின்சாரம் 120 வோல்ட், வினாடிக்கு 60 சுழற்சி. இங்கே 50 சுழற்சி. அழுத்தம் 230 வோல்ட் என்று வகுத்திருந்தாலும் பல வீடுகளில் அளந்தால் 240ஐ ஒட்டியே வரும். 60 சுழற்சிக்கென்று மட்டும் செய்த மின்மாற்றியை 50இல் ஓட்டினால் அதன் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காந்தப்பாய்வைச் சுமக்க வேண்டும். விளைவு, இரைச்சலும் சூடும். ஆகவே மின்மாற்றி வாங்கும்போது 240 வோல்ட், 50 சுழற்சி என்று தெளிவாகப் பொறித்திருப்பதையே வாங்க வேண்டும். வால்வுகளின் சூடேற்றிக்கு 6.3 வோல்டும் 5ஒய்3க்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியரும் தேவை. 6வி6க்கு 0.45 ஆம்பியர், 12ஏஎக்ஸ்7க்கு 0.3 ஆம்பியர், கூட்டினால் முக்கால் ஆம்பியர். அதற்கு இரு மடங்கு தாங்கும் சுருளாக இருந்தால் மின்மாற்றி குளிர்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது மின்மாற்றி வெளியீட்டுக்கு உரியது. 6வி6 ஆயிரக்கணக்கான ஓம் தடையைத்தான் விரும்பும். ஒலிபெருக்கியோ 8 ஓம். இடையில் நின்று சமரசம் செய்வது இந்த மின்மாற்றி. 5000ஐ 8ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆக, சுற்றுகளின் விகிதம் 25க்கு 1. கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளின் 100 வோல்ட் மின்மாற்றியில் 2 வாட் முனை கணக்குப்படி 5000 ஓம் காட்டும். அதையே மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒற்றை ஆற்றல் வால்வின் வழியே நேர்மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தாங்க இரும்பில் சிறு இடைவெளி வேண்டும். அந்த மின்மாற்றிகளில் அது இல்லை. இரும்பு நிறைந்துபோய்த் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும்.

உறுப்புகளைத் தேட ஜொகூர்க்காரர்கள் ஒரு காலத்தில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போவதுண்டு. பழைய பொருட்களுக்குப் பெயர்போன சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. மின்னணு உறுப்புகளுக்கு அதன் அருகிலுள்ள சிம் லிம் டவர் இருக்கிறது. வால்வுகள் இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகின்றன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகள் செய்யத் தொடங்கியது. அதன் பெயர் பொறித்த பழைய வால்வு ஏதேனும் கைக்குக் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய காகித மின்தேக்கிகளை மட்டும் பயன்படுத்தாதீர்கள். நம் கடலோர ஈரம் அவற்றுக்குள் புகுந்திருக்கும். கசியும் மின்தேக்கி முன்வால்வின் உயரழுத்தத்தை 6வி6இன் கிரிட்டில் கொட்டி, அந்த வால்வைச் சிவக்கச் சிவக்க எரித்துவிடும்.

பெட்டிக்கு ரப்பர் மரப் பலகை நன்றாக அமையும். நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய மரம். வயது முடிந்தபின் நாற்காலி மேசையாகிறது, ஆம்ப்ளிபயர் பெட்டியாகவும் ஆகட்டுமே. பைன் மரத்தைவிடச் சற்றுக் கனம், அவ்வளவுதான்.

இனி பாதுகாப்பு. சுவரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் பச்சை மஞ்சள் நிறமுள்ள நிலக்கம்பியை உலோகத் தட்டில் தனி ஆணி வைத்து முறுக்க வேண்டும். வேறு எதையும் அந்த ஆணியில் மாட்டக் கூடாது. உயிர்க்கம்பி முதலில் உருகிக்குச் சென்று, பிறகு விசைக்குச் செல்ல வேண்டும். இந்தச் சிறிய கருவிக்கு அரை ஆம்பியர், மெதுவாக உருகும் வகை போதும். செருகியினுள் இருக்கும் 13 ஆம்பியர் உருகி உங்கள் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்றாது. அங்கே 3 ஆம்பியர் போடுங்கள்.

வீட்டு மின்பெட்டியில் கசிவு காக்கும் விசை இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். இங்கே காப்பாற்றாது. சுவரிலிருந்து போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்றுதான் அந்த விசை பார்க்கும். மின்மாற்றிக்கு அப்பாலுள்ள 350 வோல்டில் நீங்கள் கைவைத்தால் இப்பால் அந்தச் சமம் குலைவதில்லை. விசை பேசாமல் இருக்கும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்து போய்விடவில்லை. வடிகட்டும் மின்தேக்கிகள் மூன்றும் சேர்ந்து 32 மைக்ரோபாரட். அவை நிறைந்தே இருக்கும். அவற்றின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். ஏழு வினாடிக்கு ஒரு முறை அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும்; அரை நிமிடத்திற்குச் சற்று மேல் காத்திருந்தால் இரண்டு மூன்று வோல்ட் மட்டுமே மிஞ்சும். அதன்பின்னும் அளவுமானி வைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், மானியின் கறுப்புக் கம்பியைத் தட்டில் கவ்வவிட்டு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறு கையால் அளக்க வேண்டும். மோதிரம், கைச்சங்கிலி கழற்றிவிட வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், 'இன்னும் ஒரே ஒரு கம்பி' என்று உட்காரக் கூடாது.

முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கென்று பழைய வானொலிப் பழுதுபார்ப்பவர்கள் கையாண்ட உபாயம் ஒன்றுண்டு. சுவருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே, வரிசை இணைப்பில் 40 அல்லது 60 வாட் இழை விளக்கு ஒன்றை மாட்டுவார்கள். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. உள்ளே எங்கேனும் தவறான இணைப்பு இருந்தால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்சாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், மின்மாற்றி பிழைக்கும். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்ல அறிகுறி. முதலில் வால்வு ஒன்றுமே இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அடுத்து 5ஒய்3 நீங்கலாக மற்ற இரண்டையும் மாட்டினால் இழைகள் மட்டும் செம்மையாக ஒளிரும். எல்லாம் சரி என்றால் ஒலிபெருக்கியை இணைத்துவிட்டுக் கடைசியாக 5ஒய்3. ஒலிபெருக்கி இல்லாமல் ஆம்ப்ளிபயரை ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு மின்மாற்றியில் எழும் மிகையழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும். இயக்கியதும் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஒலிபெருக்கியிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகத் திரும்பிவரும் இணைப்பு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்தி, காத்திருந்து, வெளியீட்டு மின்மாற்றியின் முதல்சுருள் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

பிறகு வரும் தொல்லை இரைச்சல். இதைப் பிடிக்க, கிட்டார் வாசிப்பவருக்குக் கருவியே தேவையில்லை, காது போதும். தாழ்ந்த தந்தியின் மூன்றாம் கட்டை வாசியுங்கள். அது வினாடிக்கு 98 அதிர்வு. இரைச்சல் ஏறத்தாழ அந்தச் சுரத்திலேயே, மயிரிழை கூடுதலாக ஒலித்தால் அது 100. மாறுமின்சாரத்தை நேராக்கிய பிறகு வடிகட்டல் போதவில்லை என்று பொருள், மின்தேக்கிகளைப் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் அது 50. சூடேற்றும் கம்பிகளிலிருந்தோ கிட்டார்க் கம்பியின் உறையிலிருந்தோ நுழைகிறது. சூடேற்றும் கம்பிகள் இரண்டையும் கயிறு திரிப்பது போல் இறுக முறுக்கி, தட்டின் மூலையோடு ஒட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். முதல் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும். ஒலி உறுப்புகளின் பூமி இணைப்புகளைக் கண்ட கண்ட இடத்தில் தட்டில் ஒட்டாமல், ஒரே கம்பியில் வரிசையாகச் சேர்த்து, உள்ளீட்டுத் துளைக்கு அருகே ஓரிடத்தில் மட்டும் தட்டோடு இணைத்தால் பாதி இரைச்சல் பிறக்கவே பிறக்காது.

கடைசியாக ஓர் அளவை. 6வி6இன் கதோட்டில் 470 ஓம் மின்தடை இருக்கிறது. அதன் குறுக்கே அழுத்தத்தை அளந்து 470ஆல் வகுத்தால் வால்வின் வழியே ஓடும் மின்சாரம் தெரியும். 18 வோல்ட் காட்டினால் 38 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே 300 வோல்ட் என்றால் பெருக்கி வருவது பதினொன்றரை வாட். அந்த வால்வுக்குப் பழைய கையேடுகள் வகுத்த வரம்பு 12 வாட். பிந்திய கையேடுகளில் 14. நம் சுவரில் அழுத்தம் கூடும் நேரங்களில் இந்தக் கணக்கும் கூடும் என்பதால், ஒரு முறை பகலிலும் ஒரு முறை நள்ளிரவிலும் அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டினால் 470க்குப் பதில் 560 ஓம் போடலாம். விளக்கை அணைத்து இருட்டில் வால்வை உற்றுப் பார்ப்பதும் நல்லது. நடுவில் இழை மட்டும் செம்மையாகத் தெரிய வேண்டும். வெளித்தகடு சிவந்தால் உடனே நிறுத்திவிட்டு, கிரிட்டுக்கு வரும் மின்தேக்கியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.